ஓர் ஆள் சாப்பிடும் சோறு

சோற்றுப் பானையை எலக்ட்ரானிக் தராசில் வைத்துவிட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார் அபிகாயில். எடை குறித்த பிறகுதான் ஹாலில் காத்திருப்பவர்களுக்குத் தட்டு வரும். செகந்திராபாத்தின் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் சில மாதங்களாக இதுதான் சனிக்கிழமை மதிய வழக்கம். விருந்தாளிகள், அவருடைய கணவர் ஜெர்சனோடு லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள். அரை நாள் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு நேரே வந்துவிட வேண்டும். "ஞாயித்துக்கெழம வயிறு எனக்குச் செல்லாது அண்ணாச்சி. அது படுத்துக் கெடந்த வயிறு. ஒழச்ச வயிறுதான் வேணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அபிகாயில் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியை. பிள்ளைகள் தெலுங்கில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வார். வகுப்பில் கோபம் வந்தால் மட்டும் பூர்வீகமான நெல்லைச் சீமை நாசரேத்தின் தமிழ் வந்து விழும். ஐம்பது வயதைத் தாண்டி முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டார். எடுத்துக்கொண்ட விஷயம், முந்நூறு வருஷத்துக்கு முன் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் அரசாங்கம் தானிய ஏற்றுமதிக்குப் போட்ட தடைகள். மழை பொய்த்தால் அதிகாரி ஆணை போடுவார்: ஒரு மணி அரிசியும் கடல் தாண்டக் கூடாது. ஆனால் கப்பலில் போகிறவனும் சாப்பிட வேண்டுமே? அவர்கள் வழிச் சாப்பாட்டுக்கு மட்டும் அரிசி ஏற்றலாம் என்று ஒரு விலக்கு. அந்த ஓட்டைக்குள் புகுந்துதான் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கடத்தினார்கள் என்பது அபிகாயிலின் கட்சி. "ஏத்துன அரிசி அத்தனையையும் அவங்களே தின்னுருந்தா கப்பல் முங்கியிருக்கும்லா!" என்பார்.

இந்தப் பித்து கடைத்தெரு வரைக்கும் போகும். சில வருஷங்களுக்கு முன் வெள்ளை அரிசி ஏற்றுமதியை அரசு நிறுத்தியபோது, சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி பூரித்துப் போனார். அரிசிக்கடை விஸ்வநாத்திடம் போய், "இப்ப எந்த ஓட்டை வழியா அனுப்புதாங்க?" என்று விசாரித்தார். நாலு தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் மனிதர் அவர்; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு' என்று ஊர் உருது அவர் தமிழில் கலந்திருக்கும். "நக்கோம்மா! கைக்கு நம்மள வம்புல மாட்டி உடுறீங்க?" என்று கும்பிடு போட்டார். அதற்குப் பிறகும் அபிகாயில் அங்கேதான் அரிசி வாங்குகிறார், விசாரணையும் நின்றபாடில்லை.

சிக்கல் வந்தது ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் ராஜகோபாலிடமிருந்து. "கடத்தல்னு சொல்லணும்னா, உழைக்கிற ஒரு ஆள் நெஜமா எவ்வளவு சாப்பிடுவான்னு காட்டணும். இல்லேன்னா அந்த அத்தியாயத்த எடுத்துடுங்க." அந்த அத்தியாயம் போனால் மிஞ்சுவது ஊரறிந்த சங்கதி, பட்டம் கிடைப்பதே சந்தேகம். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசமும் இந்த மாதத்தோடு தீர்கிறது. வேறொருவராக இருந்தால் அத்தியாயத்தை விட்டிருப்பார். இவர் தராசு வாங்கினார்.

வந்தவர்கள் சாப்பிட்டார்கள், அப்படிச் சாப்பிட்டார்கள்! கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. அந்தக் கணக்கை நம்பினால், ஏற்றிய அரிசியெல்லாம் வழிச் சாப்பாட்டுக்கே சரியாகப் போய், வியாபாரிகள் எல்லாரும் யோக்கியர்கள் என்றாகிவிடும். குழம்பிப்போன ராஜகோபால் ஒரு சனிக்கிழமை தானே வந்து உட்கார்ந்தார். அபிகாயில் கரண்டியோடு சுற்றி வந்ததைப் பார்த்தார். "போதுமா? கை நனைக்க வந்துட்டு இதென்ன கோழி கொறிச்ச மாதிரி? அண்ணாச்சி, கருவாட்டுக் கொழம்புக்காவது ஒரு கரண்டி!" நம் வீடுகளில் முதல் 'போதும்' யார் காதிலும் விழுவதில்லை. மூன்றாவதுதான் நிஜம் என்று பரிமாறுகிறவருக்கும் தெரியும், சாப்பிடுகிறவருக்கும் தெரியும்.

பேராசிரியர் சிரித்தே விட்டார். "அபிகாயில், நீங்க எடை போட்டது அவா பசிய இல்ல. உங்க உபசாரத்த!"

அபிகாயிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை வாரக் கணக்கும் குப்பைக்குப் போயிற்று. மறுநாள் ஆலயத்திலிருந்து திரும்பும்போது ஒரு தீர்மானத்தோடு வந்தார். இனிப் பானை நடுவில் இருக்கும், அவரவர் போட்டுக்கொள்ளலாம். கருவாடு கிடையாது, வெறும் புளிக்குழம்பு. 'இன்னும் கொஞ்சம்' என்ற பேச்சே தன் வாயிலிருந்து வராது. "ஏட்டி, ஒன் வாய்க்கும் ஏற்றுமதித் தடையா!" என்றார் ஜெர்சன்.

இந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. ஓவர்டைம் என்று பாதிப் பேர் வரவில்லை. வந்த சொற்ப ஆட்களை வைத்துத்தான் அத்தியாயம் நிற்க வேண்டும். அவர்களில் துரைராஜ் புதியவர். கொல்லுலையில் வேலை, ஆள் மலை மாதிரி. அடுத்தவர் வீட்டில் தண்ணீர் கேட்கவும் கூச்சப்படுகிறவர். சிட்டிகை போலச் சோறு எடுத்துக்கொண்டார். இரண்டு வாயில் தீர்ந்துவிட்டது. மற்றவர்கள் போட்டுக்கொள்ளக் கொள்ள, அவர் காலித் தட்டின் ஓரத்தில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"போதும்க்கா" என்றார், யாரும் கேட்காமலே.

முதல் 'போதும்'. அபிகாயிலுக்கு அது தெரியாதா? அப்படியே விட்டுவிட்டால் அருமையான கணக்கு. உலைக்களத்தில் சம்மட்டி பிடிக்கிறவரே இவ்வளவுதான் தின்கிறார் என்றால், கப்பலேறிய அரிசியில் பெரும்பகுதி கடத்தல் என்று எந்தப் பேராசிரியரும் ஒத்துக்கொண்டாக வேண்டும். ராஜகோபாலின் முகத்துக்கு நேரே நீட்டலாம். ஜெர்சன் மனைவியைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். அபிகாயில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். துரைராஜ் தட்டை எடுத்துக்கொண்டு எழப் போனார்.

அபிகாயில் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். கணக்குத் தாளில் துரைராஜின் பெயரைப் பேனாவால் கோடு போட்டு அடித்தார். பிறகு பானையைத் தன் பக்கம் இழுத்து, கரண்டி நிறையச் சோற்றை அள்ளி அவர் தட்டில் வைத்தார்.