மூன்று மில்லிமீட்டர் ஓட்டை

கண்ணாடிச் சில்லுகளைக் கழுவும் வேலைக்கு வந்தவள் என்பதால் ஆய்வகத்தில் அவள் பெயர் கண்ணாடியக்கா. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு வருடம் பார்த்துப் பார்த்தே சூரிய மின்கலம் செய்யக் கற்றாள். கார்பன் நானோகுழாய்கள் தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியவை. திரவத்தில் விட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டி தட்டிவிடும். அவற்றைப் பிரித்து, ஒளியை உறிஞ்சும் துகள்களோடு கலந்து, சில்லின் மேல் ஒரே சீராகப் பூசுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை.

இருந்தாலும் வேலை தற்காலிகம்தான். திட்டம் நீடித்தால் அவளும் நீடிப்பாள். கணவன் வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகு வீடு அவளை நம்பித்தான் ஓடியது. கலம் ஒளியை மின்சாரமாக்கும் திறன் பத்து சதவீதத்தைத் தாண்டினால் திட்டம் நீடிக்கும். முந்தைய நாள் 11.6 வந்திருந்தது. பேராசிரியர் அதை மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பியும்விட்டார். குழு மூன்று மணிக்கு வருகிறது.

ஒன்றரை மணிக்கு, வழக்கம்போல, குழாய் கலக்காத வெறும் கலத்தையும் விளக்கின் கீழ் வைத்தாள். ஒப்பிடுவதற்காகச் செய்வது அது. ஏழு சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. திரையில் 8.5 என்று வந்தது. திரும்ப அளந்தாள். அதே எண்.

விளக்கின் வெளிச்சத்தைச் சரிபார்த்தாள்; அதில் குறையில்லை. மிச்சம் இருந்தது கலத்தை மூடும் கறுப்புத் தகடு. அதன் நடுவில் மூன்று மில்லிமீட்டர் சதுர ஓட்டை. அதற்குள் விழும் ஒளியை வைத்துத்தான் கணக்கு. பழைய தகடு வளைந்துபோக, போன வாரம் புதியதை வெட்டியது அவள்தான். நுண்ணோக்கியில் வைத்து அளந்தாள். 3.3.

பெரிய ஓட்டையில் கூடுதல் ஒளி விழுந்து எண்ணை ஏற்றியிருக்கிறது; தாளில் கணக்குப் போட்டாள். 11.6 இறங்கி 9.6 ஆனது. பத்துக்குக் கீழே.

அதே திட்டத்தின் உதவித்தொகையில் படிக்கும் ஆய்வு மாணவி எட்டிப் பார்த்துத் தாளைச் சட்டென்று கையால் மூடினாள்.

"அக்கா, மூணு மணி வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. அவங்க போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்போ?"

"உங்க வேலையும்தான்க்கா போகும். எனக்காகவா சொல்றேன்?"

"உனக்கும் சேத்துத்தான் சொல்ற. கையை எடு."

பேராசிரியர் அறையில் கழுத்துப்பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாளைப் படித்ததும் கை அப்படியே நின்றது.

"எத்தனை தடவை அளந்தீங்க?"

"மூணு தடவை, சார்."

"இன்னொரு தடவை அளங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

நான்காம் முறையும் 3.3 தான். அவர் திரையிலிருந்து திரும்பினார். "குழாய் சேத்தா ஏழுல இருந்து ஒன்பதரைக்கு மேல போகுது. அது பொய்யில்லையே?"

"அது பொய்யில்ல சார். பத்துதான் வரல."

மூன்று மணிக்கு அவர் பலகையில் 9.6 என்று எழுதினார். குழுத் தலைவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இதுல வேற எண் இருக்கே?"

"தப்பா அளந்துட்டோம்."

பின்வரிசையில் இருந்து அவள் எழுந்தாள். "ஓட்டையை வெட்டுனது நான் சார்."

தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். முடிவை எழுத்தில் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டுக் குழு கிளம்பியது.

பேராசிரியர் கழுத்துப்பட்டையைக் கழற்றி மேசையில் எறிந்தார். "திட்டம் மாசக் கடைசி வரைக்கும் இருக்கே, எத்தனை நாள் மிச்சம்?"

"பதினெட்டு."

"எத்தனை கலம் போடலாம்?"

"தகடு சரியா இருந்தா நாப்பது," என்றவள், இன்னும் வெட்டாத தகடு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து மூன்று மில்லிமீட்டருக்குக் கோடு கிழித்தாள்.