செருப்பை அடிவாரத்தில் விட்ட நாள்

லாட்ஜ் அறையைத் துடைத்த தண்ணீரில் எலுமிச்சைப்புல் வாசனை வந்ததும் என் உள்ளங்கால் கூசியது. சின்ன வயதில், அடி அண்ணாமலைப் பக்கம், தீபம் ஏற்றும் உச்சிக்குப் பின்னால், இப்போது மரங்கள் மூடிவிட்ட, அப்போதும் யாரும் ஏறாத சின்ன உச்சியில் அக்காவும் நானும் கூரைக்கு இதே புல்லை அறுத்துக்கொண்டிருந்தபோது கீழ்ச்சரிவில் தீப்பிடித்தது. மலையே சாமி என்பதால் செருப்பை அடிவாரத்திலேயே விட்டிருந்தோம். புகைக்குள் புல் படபடவென்று வெடிப்பதைக் கேட்டபடி, தீ சுற்றிக்கொண்டு போகும்வரை மொட்டைப் பாறையில் ஒண்டியிருந்தோம். இனி சுடுசாம்பலில்தான் இறங்க வேண்டும்.

“கால நீட்டுடி” என்று தாவணியைக் கிழித்து என் பாதங்களில் சுற்றினாள் அக்கா.

“உனக்கு?”

“எனக்கு சுடாது. நீ முன்னால போ.”

அவள் கல்யாணத்தில், மெட்டி போட அவள் காலைத் தூக்கிய மாப்பிள்ளை உள்ளங்கால் தழும்பைப் பார்த்துத் தயங்கினார். அக்கா குனிந்த தலையை நிமிர்த்தி, என் கால்களைப் பார்த்தாள்.