ராகுகாலத்துக்கு முன் பூட்டிய நாற்காலி

என் மனைவிக்கு முட்டிவலி. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சத்திரம் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் மர நாற்காலி பார்த்து வைத்திருந்தாள்.

"ஏங்க, ரெடிமேடாவே வாங்கிடலாம். உட்கார்ந்து பார்த்துட்டேன், கல்லு மாதிரி இருக்கு."

நான் கேட்கவில்லை. துவாக்குடித் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டியே ஓய்வுபெற்றவன். பலகையும் போல்ட்டுமாகப் பெட்டியில் வரும் நாற்காலியை ஆன்லைனில் வரவழைத்து, ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் பரப்பினேன்.

"கம்பெனியிலயும் இப்படித்தான் கடை பரப்புவீங்களா?" என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். புதுச் சாமானில் அது தொடங்கும் முன் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவள் வழக்கம். போல்ட்டுகளை முதலில் தளர்வாகப் பொருத்தி, நிமிர்த்திச் சமன் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். நிமிர்த்தும்போதே பத்தரை நெருங்கிவிட்டது.

"உட்காரு, சாயங்காலம் இறுக்கித் தரேன்."

முந்தானையால் பலகையைத் துடைத்துவிட்டு அமர்ந்தாள்.

அந்தச் சாயங்காலம் கொள்ளிடக் கரைக்கு நடக்கப் போய்விட்டேன். பிறகும் இறுக்கவில்லை. அவள் எழும்போதெல்லாம் நாற்காலி கிறீச்சிட்டது. "உங்க மெஷின் கூப்பிடுதுங்க" என்பாள். நான் சிரித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டுவேன்.

ஒருநாள் நாற்காலியின் பின்கால் விலகி அவள் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மகளிடம், "எந்திரிக்கும்போது தலை சுத்திடுச்சும்மா" என்றாள், என்னைப் பார்க்காமல். துணி எடுக்க வீட்டுக்கு வந்த நான், துணியைத் தொடுவதற்கு முன் அந்தக் காலைப் பொருத்தி, பெட்டியோடு வந்த ஆலன் கீயால் எல்லாப் போல்ட்டுகளையும் இறுக்கினேன். அவள் படுக்கையிலிருந்து எழாமலே போய்விட்டாள்.

அதில் இப்போது யாரும் உட்காருவதில்லை. ஆனால் நான் சமையலறையில் நிற்கும்போது கூடத்தில் கிறீச்சென்று கேட்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். வெறும் நாற்காலி.

போன வாரம் காட்டூரிலிருந்து மகள் வந்தாள். "அம்மா உட்கார்ந்த சேருப்பா. நான் எடுத்துட்டுப் போறேன்" என்று அதில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்து பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கேப்பா!"

அம்மாவின் அதே சொல்.

அலமாரி மேலிருந்த ஆலன் கீயை எடுத்து அவள் கையில் வைத்தேன். "அன்னைக்கு இப்படி இல்லம்மா. தலையெல்லாம் சுத்தல. நான் இறுக்காம விட்டுட்டேன். அவ விழுந்தப்புறம்தான் இறுக்கினேன்."

மகள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். நாற்காலி சத்தமே போடவில்லை.

ஆலன் கீயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்காலி இங்கேதான் இருக்கிறது.