இரண்டாவது காது

நிவித்திகல ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், பக்கத்துக் காம்பரா அறையில் காய்ச்சல் கண்டு செத்தவளின் குழந்தை செவ்வந்தியைப் பேச்சாயி எடுத்து வளர்த்தாள். செவ்வந்திக்கு ஒன்றரை வயதானதும், வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடிக்கென்று தன் அண்ணன் நல்லையாவைக் கஹவத்தையிலிருந்து வரவழைத்திருந்தாள்.

அழைக்காமலே இன்னொருவனும் கிலுகிலுப்பையோடு வந்து நின்றான். செத்தவளின் அண்ணன் சடையன். செவ்வந்திக்கு விழும் அதே கன்னக்குழி அவனுக்கும் விழுந்தது. லயமே பிள்ளையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. பேச்சாயி சட்டெனப் பிள்ளையைத் தூக்கி நல்லையாவின் மடியில் வைத்து, காது குத்த வந்திருந்த தட்டாரிடம், "குத்துங்க பத்தரே" என்றாள்.

ஒரு காது குத்தியதுமே செவ்வந்தி வீறிட்டாள். சடையன் கிலுகிலுப்பையை ஆட்டினான். பிள்ளை நழுவி அவனிடமே போய்விட்டாள்.

"மத்த காத எம்மடியில வச்சுக் குத்தலாமா தங்கச்சி?" என்று கேட்டான் சடையன்.

எல்லோரும் பேச்சாயியின் வாயைப் பார்த்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சரியென்று தலையாட்டினாள்.

ஊசி இறங்கியதும் செவ்வந்தி கிலுகிலுப்பையை வீசியெறிந்து, "ம்மா" என்று பேச்சாயியிடம் கையை நீட்டினாள். பேச்சாயி பிடுங்காத குறையாக வாங்கி அணைத்துக்கொண்டாள்.

"மடி யாரோடதா வேணும்னாலும் இருக்கட்டும் அண்ணே," என்றாள் சடையனிடம். "அழுவுறதுக்கு எம்புள்ள எங்கிட்டதான் வருவா."