மகளுக்காக வேண்டினேன், என் தொண்டை கட்டியது

சகோதர சகோதரிகளே, எனக்குப் பொறுமை கிடையாது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இந்தத் தவக்காலத்தின் தொடக்கத்தில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஜெனிபரின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பாப்பாவுக்கு வாசிக்கவே வரலைங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறவள் நான்!

யோசித்துப் பார்த்தபோதுதான் தப்பு புரிந்தது. ஜெபமாலை சொல்கிற பழக்கத்தில் பாடத்தையும் அப்படியே வாசித்து வந்தோம். முதல் பாதியை நான் சொல்வேன், மறுபாதியை அவள் முடிப்பாள். கேட்டுக் கேட்டே அவளுக்கு மனப்பாடம். ஒரு வரியைக்கூட அவளாக ஆரம்பித்ததில்லை.

அதற்குப் பிறகு வீடு போர்க்களம்தான். "எழுத்தப் பாருடி! என் மூஞ்சிய இன்னாத்துக்குப் பாக்குற?" என்று நான் கத்துவேன். அவள் வாயை இறுக்கிக்கொள்வாள். ஒருநாள் புத்தகத்தைப் பார்த்ததுமே அழுதுவிட்டாள். பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், "உடு, புள்ள பயந்து கெடக்குது" என்றார். அவர்மேலும் எரிந்து விழுந்தேன். பிறகு மாதா படத்துக்கு முன் முழங்காலிட்டு அழுதேன். "தாயே, எம்புள்ள வாயத் தொறந்து வுடும்மா. என்னால முடியல."

மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் எனக்குக் குரலே இல்லை. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகியிருக்கிறது, ஒரு வாரம் வாயே திறக்காதீர்கள் என்றார் டாக்டர். நான் கேட்டதென்ன, நடப்பதென்ன! மாதாவோடு சண்டை போடக்கூட வழியில்லை.

அன்று சாயங்காலம் புத்தகத்தைத் திறந்து முதல் வரியில் விரலை வைத்தேன். நான் ஆரம்பிப்பேன் என்று ஜெனிபர் காத்திருந்தாள். எனக்கோ நாக்கு துடித்தது. வெகு நேரம் கழித்து, எழுத்துக் கூட்டி ஒரு சொல் வாசித்தாள். அடுத்த சொல்லில் தப்பு. அவளே நின்று, திரும்பப் போய்ச் சரிசெய்தாள். என் குரல் போன ஐந்தாம் நாள் ஒரு பக்கம் முழுவதும் வாசித்தாள். நான் கைதட்டினேன். அவள் என் மடியில் சாய்ந்துகொண்டு, "நீ கத்துனா எழுத்தே கண்ணுக்குத் தெரியாதும்மா. இப்பத் தெரியுது" என்றாள்.

நான் வாய்விட்டு அழவும் முடியாமல் அழுதேன்.

குரல் திரும்பிவிட்டது. கோபமும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் அவள் வாசிக்கிறாள், நான் கேட்கிறேன். பிள்ளையை நினைத்துத் தவிக்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள், கட்டாயம் கிடைக்கும். பிள்ளையை மாற்றச் சொல்லிக் கேட்டால் ஆண்டவர் முதலில் உங்கள்மேல் கை வைப்பார். அதற்குச் சம்மதித்துவிட்டு முழங்காலிடுங்கள்.