ஞானாம்பிகை வீடு பார்க்கும் முறை

விற்பனைக்கு இருந்தது இருபத்திரண்டாம் மாடியில் ஏழாம் எண் வீடு. ஞானாம்பிகை அழுத்தியது எட்டாம் எண்ணின் அழைப்புமணியை. கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு, கதவு திறப்பதற்கு முன்பே சிரித்த முகத்தோடு நின்றார். அவரை அழைத்து வந்த வீட்டு ஏஜென்ட் சுபாஷினி மெல்லப் பின்வாங்கி, லிஃப்ட் பக்கம் போய், கைப்பேசியில் ஏதோ அவசரச் செய்தி படிப்பவள்போல் நின்றுகொண்டாள்.

கதவு சங்கிலியோடு நாலு விரல் திறந்தது. ஒரு நெட்டுக் கறிவேப்பிலை கிடைக்குமா என்று நல்ல ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார் ஞானாம்பிகை. உள்ளே இருந்த முகம் அவரை மேலும் கீழும் பார்த்தது. கதவு மூடியது. ஐந்தே நிமிடத்தில் காவலாளி ஒருவர் வாக்கி-டாக்கியோடு மேலே வந்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று விசாரித்தார்.

"இது வேண்டாம் பிள்ளை" என்றார் ஞானாம்பிகை.

"ஆன்ட்டி, வீட்டைத் தொறக்கவே இல்லையே! பால்கனியில நின்னா ஃபுல் சீ வியூ லா."

"கடலிட்டைப் போய் என்னத்தைக் கேட்டு வாங்கிறது?"

சுபாஷினி பதினோரு வருடமாக மலேசியாவின் பினாங்கில் வீடு விற்கிறாள். வாஸ்து பார்ப்பவர்கள், நாலாம் எண் சாவு எண் என்று நகர்ந்துவிடுபவர்கள், கழிவறையில் பத்துத் தடவை தண்ணீர் இழுத்துப் பார்ப்பவர்கள் என்று எல்லாரையும் சமாளித்தவள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கறிவேப்பிலை கேட்டு வீடு தேர்ந்தெடுக்கும் ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

ஞானாம்பிகைக்கு அறுபத்திரண்டு வயது. சொந்த ஊர் யாழ்ப்பாணம். கொழும்பில் கணவர் கதிர்காமநாதனோடு முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர். கணவர் இறந்த பின் கடையை விற்று, அந்தப் பணத்தை இங்கே வங்கியில் போட்டு, முதலீட்டு விசாவில் தனியாக வந்து இறங்கினார். மெல்பர்னில் இருக்கும் மகன் நிருபன் கூப்பிடாமல் இல்லை. "அவன்ரை வீட்டிலை நான் எப்பவும் விருந்தாளிதான். எனக்கெண்டு ஒரு சாவி வேணும்" என்பது அவர் பதில். தமிழ் புழங்கும் ஊர், நல்ல ஆஸ்பத்திரிகள், நினைத்தால் கொழும்புக்குப் போய்வரும் தூரம். பினாங்கு என்பது வரை அவருக்குக் குழப்பமே இல்லை. பினாங்கில் எந்தக் கதவு என்பதில்தான் பத்து மாதம் ஓடிவிட்டது.

விசாவின் விதி எளிமையானது, கொடுமையானது. ஒரு வருடத்துக்குள் வீடு வாங்கியாக வேண்டும். வாங்கினால் பத்து வருடம் விற்க முடியாது. அறுபத்திரண்டு வயதில் பத்து வருடம் என்றால், அநேகமாக அதுதான் கடைசி வீடு. நிருபன் ஆஸ்பத்திரி தூரம், விமான நிலைய தூரம், நீச்சல்குளம், மறுவிற்பனை மதிப்பு என்று கட்டம் போட்டு ஒரு வீட்டுப் பட்டியல் அனுப்பியிருந்தான். அம்மா இந்த மாதக் கடைசிக்குள் முடிவெடுக்காவிட்டால் தானே வந்து ஒன்றை வாங்கிவிடப் போவதாகவும் சொல்லியிருந்தான். செய்யக்கூடியவன்தான்.

மருந்துக்கடை இன்னும் ஞானாம்பிகையின் விரல்களில் இருந்தது. பையில் எப்போதும் சின்னச் சின்னப் பழுப்புக் காகித உறைகள் இருக்கும். கிடைத்த கறிவேப்பிலையை அதிலே போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து, மேலே இடமும் நாளும் எழுதுவார்: 'சிம்பாங் அம்பாட், செவ்வாய், காலை 11 மணி.' அந்தச் செவ்வாய்க்கிழமையை சுபாஷினி மறக்க மாட்டாள். பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போன அந்த ஊரின் புதிய வரிசை வீடுகளில் ஒரு தமிழ் அம்மா ஒரு கிளையையே ஒடித்துக் கொடுத்தார். கூடவே கேள்விகளும் கொடுத்தார். மகன் ஏன் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை, மருமகளோடு சண்டையா, கடை என்ன விலைக்குப் போனது, கழுத்தில் கிடப்பது எத்தனை பவுன்.

"தங்கமான மனுசி" என்றார் ஞானாம்பிகை, காரில் ஏறியதும். "ஆனால் நாள் முழுக்க மறுமொழி சொல்ல எனக்கு உடம்பிலை சத்தில்லை."

வேண்டாம் என்றால் அத்தோடு விட வேண்டியதுதானே? விடமாட்டார். கறிவேப்பிலை கொடுத்த எவருக்கும் அடுத்த வாரம் ஒரு பொட்டலம் பருத்தித்துறை வடை போயாக வேண்டும், தன் கையால் சுட்டது, தன் கையால் கொடுக்க வேண்டும். "தந்தவைக்கு நன்றி சொல்லாமல் இருக்கேலுமே?" அதற்காகச் சுபாஷினி மறுபடியும் பாலம் தாண்டிக் காரோட்டினாள். விற்காத வீட்டுக்கு இரண்டு தடவை பெட்ரோல்.

திரும்பும்போது பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. சுபாஷினிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. பாசார்ல ஒரு வெள்ளி காசு குடுத்தா கை நிறைய கறிவேப்பிலை கிடைக்கும். எதுக்கு வீடு வீடா போய்க் கேக்குறீங்க?"

ஞானாம்பிகை கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"கொழும்பிலை ஒரே ஃப்ளாட்டிலை பன்னிரண்டு வருசம் இருந்தனாங்கள் பிள்ளை. என்ரை மனுசன் மயங்கி விழுந்த அண்டைக்கு நான் மூண்டு கதவு தட்டினனான். உள்ளை ரீவி சத்தம் கேட்டது. ஒருத்தரும் திறக்கேல்லை." குரல் உடையவில்லை, மருந்து அளவு சொல்வதுபோல் சொன்னார். "அவையிலை பிழையில்லை. பன்னிரண்டு வருசத்திலை நான் ஒருநாளும் அந்தக் கதவுகளைத் தட்டினதில்லை. முகம் தெரியாத மனுசி கத்தினால் ஆர் திறப்பினம்? அதுதான், முதல் தரம் தட்டேக்கை சும்மா ஒரு கறிவேப்பிலைக்காக இருக்கட்டும் எண்டு."

சுபாஷினி குடியிருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர் அவளுக்கே தெரியாது. அன்று முதல் அவள் லிஃப்ட் பக்கம் ஒதுங்குவதை விட்டுவிட்டு ஞானாம்பிகையின் பக்கத்திலேயே நின்றாள்.

பதினைந்தாவது வீடு நிருபனின் பட்டியலில் இல்லை; சுபாஷினியே தேடிப் பிடித்தது. கிரீன் லேன் பக்கம் ஒன்பது மாடிப் பழைய கட்டடம், சாயம் வெளிறிய தூண்கள், நீச்சல்குளம் கிடையாது. ஐந்தாம் மாடியில் பக்கத்துக் கதவைத் தட்டினார்கள். திறந்தவர் பெயர் சித்தி ஹாஜரா, ஐம்பதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம் பெண்மணி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தவரின் மகள் என்பது பிறகு தெரிந்தது. அவருக்குத் தமிழ் சரளமாக வந்தது.

"கறிவேப்பிலையா? முடிஞ்சி போச்சே லா. சாரிக்கா." கதவு மூடியது.

ஞானாம்பிகையின் முகம் வாடியதைச் சுபாஷினியால் பார்க்க முடியவில்லை. மாதம் முடிய நாலு நாள்தான் இருந்தது. "சாவி வாங்கிட்டேன் ஆன்ட்டி. உள்ளயாச்சும் ஒரு தடவ பாத்துட்டுப் போவோம்" என்று கெஞ்சி உள்ளே அழைத்துப் போனாள். ஞானாம்பிகை மரியாதைக்காகக் குழாயைத் திறந்து மூடினார். சமையலறை ஜன்னலில் நல்ல காற்று வந்தது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

சித்தி ஹாஜரா மூச்சு வாங்க நின்றார். முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது; நெற்றி முழுக்க வியர்வை. கையில் நாளிதழ்த் தாளில் சுற்றிய கறிவேப்பிலை.

"கீழ கார் நிறுத்துற எடத்துக்குப் பின்னால ஒரு மரம் இருக்குக்கா. காவலுக்கு இருக்கிற ஜாகா வளக்கிறாரு. ஆளைத் தேடிப் பிடிச்சிக் கேட்டு வாங்க லேட்டாயிடுச்சி. இல்லன்னு சொல்லிட்டு உள்ள போயி உக்காந்தேன், மனசு கேக்கல. அடுப்புல எண்ணெய் காஞ்சிக்கிட்டு இருக்குமேன்னு ஓடுனேன்."

அப்போதுதான் அவர் உள்ளே பார்த்தார். வீடு வெறுமையாகக் கிடந்தது. எண்ணெயும் இல்லை, அடுப்பும் இல்லை, ஒரு நாற்காலிகூட இல்லை.

ஞானாம்பிகைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வியர்த்த கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "பொய் சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இன்னும் அடுப்பு வாங்கேல்லை" என்றார். கண் நிறைந்துவிட்டது. சித்தி ஹாஜரா சிரித்த சிரிப்பில், எதிரே இருந்த கதவும் திறந்து ஒரு சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார்.

"இதுதான் பிள்ளை" என்றார் ஞானாம்பிகை.

"ரெண்டாவது பாத்ரூம் இன்னும் பாக்கலயே ஆன்ட்டி!"

"அது எங்கை போகப்போகுது?"

அன்று மாலை, சுபாஷினியும் பக்கத்தில் இருக்க, நிருபன் தொலைபேசி ஸ்பீக்கரில் முதலில் கேட்டது, ஜன்னலில் இருந்து என்ன தெரியும் என்று. "ஜன்னலை நான் பாக்கேல்லை ராசா. கதவைத் திறந்தால் ரெண்டு கதவு தெரியுது" என்றார் அம்மா. திறக்காத அந்த மூன்று கதவுகளைப் பற்றி அவனுக்கும் தெரியும். பட்டியலைப் பற்றிப் பேசாமல் அவன், "சரி அம்மா, அதையே வாங்குங்கோ" என்றான். சுபாஷினிக்கு அதைக் கேட்டு நெஞ்சு நிறைந்தது. கடல் தெரியும் வீட்டை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் கமிஷனில் பாதிகூட இதில் இல்லை. அது அவள் நினைவுக்கு வந்ததே மறுநாள்தான்.

மூன்று மாதம் கழித்துப் பத்திரங்களைக் கொடுக்க வந்தபோது அவளுக்கும் ஒரு பொட்டலம் வடை காத்திருந்தது. வாசலில் ஒரு புதுப் பூந்தொட்டி. அதில் ஒரு சாண் கறிவேப்பிலைக் கன்று, எண்ணினால் மூன்று நெட்டு தேறாது. தொட்டியின் விளிம்பில், மருந்துப் பொட்டலம் கட்டும் வெள்ளை நூலில், ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் வளரவே இல்ல, அதுக்குள்ள கத்தரிக்கோலா?" என்று சிரித்தாள் சுபாஷினி.

ஞானாம்பிகை குனிந்து, இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்து, தன் கதவை விட்டுத் தள்ளி, தன் வாசலுக்கும் சித்தி ஹாஜராவின் வாசலுக்கும் சரி நடுவில் நகர்த்தி வைத்தார்.