தண்ணீர் பட்டால் நுரைக்கும் தரை

தெருவில் எல்லோருக்கும் அவள் நுரையக்கா. சோப்புத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்ததால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். வாயைத் திறந்தால் பேச்சு பொங்கிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். பஸ் ஓட்டுகிறவர், அளந்துதான் பேசுவார்.

தொழிற்சாலையில் அவளுக்குக் கட்டி அறுக்கும் வேலை. பாய் அகலத்துக்கு உறைந்து கிடக்கும் சோப்புப் பாளத்தைக் கம்பியால் துண்டு போட வேண்டும். எடை ஒரு துளி பிசகாது. தொழிற்சாலையை மூடிய பிறகு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனாள். அதற்காக ஒரு நாளும் மூக்கைச் சிந்தவில்லை. ஆனால் போகிற வழியில் பூட்டிக் கிடந்த அந்தச் செங்கல் கட்டிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். நூறு வருஷத்துக் கட்டிடம், ஆளுயர ஜன்னல்கள். உள்ளே புறாக்கள் குடித்தனம் நடத்தின. தெருவிலோ பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் கிடையாது.

அதை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கப் போவதாகச் செய்தி வந்ததும் நுரையக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். முந்நூறு வீட்டில் கையெழுத்து வாங்கினாள். "படிக்கிற அறை, விளையாடற கூடம், எல்லாம் அங்க வரும். வரலேன்னா என் பேர மாத்திக்கிறேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சத்தியம் செய்தாள்.

"எந்தப் பேர?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

நகராட்சி ஓராண்டு அவகாசம் கொடுத்தது. கூரை ஒழுகக் கூடாது, தரை பத்திரமாக இருக்க வேண்டும், சோதிக்க வரும் அதிகாரிக்கு ஜனங்கள் நிஜமாகவே வருவார்கள் என்று தோன்ற வேண்டும். தோன்றினால் கட்டிடம் தெருவுக்கு, இல்லையென்றால் வண்டிகளுக்கு. கூரை மாற்றினார்கள், கண்ணாடி போட்டார்கள், மின்கம்பி இழுத்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் தெருச் சங்கத் தலைவரான தையற்கடைக்காரர். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர்.

அதிகாரி ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. நுரையக்காவுக்கு அன்று காலை ஆஸ்பத்திரியில் வேலை. "அண்ணே, நான் வர்றதுக்குள்ள தரைய நல்லா சுத்தம் பண்ணி வச்சிடுங்க" என்று தையற்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சோப்புத் தொழிற்சாலைத் தரையில் யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். மரத்தூள் தூவிப் பெருக்குவார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விடு என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? நாள் முழுக்கப் பேசுகிறவள் சொல்ல வேண்டிய அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் போய்விட்டாள்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது வாசல்படி வழியாக நுரை தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முழங்கால் ஆழம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ரப்பர் குழாயைப் பிடித்தபடி தையற்கடைக்காரர் நடுக்கூடத்தில் வழுக்கி உட்கார்ந்திருந்தார். "நுரை போகட்டும்னு இன்னும் தண்ணி அடிச்சேம்மா. அடிக்க அடிக்க வருதும்மா!"

கல் இடுக்குகளில் ஊறிக் கிடந்த அத்தனை வருஷத்துச் சோப்பும் ஒரே காலையில் விழித்துக்கொண்டது. நுரையக்கா படியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். "முந்நூறு வீட்டுக்கு வாக்குக் குடுத்தேனே!"

"அழாதே" என்றார் வீட்டுக்காரர், பக்கத்தில் உட்கார்ந்து. "கண்ணீரும் தண்ணிதான். உள்ள விழுந்தா அதுவும் நுரைக்கும்."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நுரையைப் பார்த்தாள். நல்ல சோப்பு, முதல் தரம். வீணாகத் தெருவில் ஓடுகிறது. எழுந்து சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? வீட்ல இருக்கிற கம்பளம், போர்வை, ஜமக்காளம் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க!"

அவள் குரல் தெருக்கோடி வரை கேட்கும். அரை மணியில் கூடம் நிறைந்துவிட்டது. விரித்த கம்பளங்களை வெறுங்காலால் மிதித்துத் துவைத்தார்கள். கையெழுத்துப் போட்டதோடு சரி, ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்தார்கள். ஏதோ ஒரு சண்டையில் நாலு வருஷமாகப் பேசாத ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே போர்வையை ஆளுக்கு ஒரு முனை பிடித்துப் பிழிந்தார்கள்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். கையில் கோப்பு, காலில் பளபளக்கும் ஷூ. "என்னம்மா இது?"

நுரையக்கா மறைக்கவில்லை. "தப்பு என்னோடதுதான் சார். தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேன். இன்னும் நாலு தடவை அலசினா சோப்பு போயிடும். தரை சரியாயிடும் சார்."

அவர் கூடத்திலிருந்த தலைகளை எண்ண ஆரம்பித்தார். பாதியில் விட்டுப்போனது. மறுபடி எண்ணினார், மறுபடியும் விட்டுப்போனது. கோப்பில் எதையோ எழுதி மூடினார்.

"ஜனங்க வருவாங்கன்னு எழுதிட்டேன். தரைக்கு மட்டும் ஒரு மாசம் டைம். இடிக்கிற பேச்சு இனிமே இல்ல." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்ல ஒரு கம்பளம் இருக்கு. மூணு வருஷமா துவைக்கல. சாயங்காலம் கொண்டு வரலாமா?"

நுரையக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு அமைதியைத் தான் கண்டதில்லை என்று வீட்டுக்காரர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

"இப்பவே ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க சார்" என்றாள் கடைசியில். "சாயங்காலத்துக்குள்ள இந்தத் தெரு மொத்தச் சோப்பையும் தீத்துடும்."